நாலு மூலையிலும் மஞ்சள்

ஜூலை 27, ஞாயிறு

எடைமேடைக்காரர் வருசம் தவறாமல் கொடுக்கும் டைரி இது. பாதி வருசம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு மிருதுளா தூசி தட்டி எடுத்து வந்து என் மடியில் போட்டாள். நம் கடைக்குப் பழைய காமிக்ஸ் கேட்டு வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள் என்று நான் குறித்து வைக்க வேண்டுமாம். அடுத்த மாதம் கோயமுத்தூரில் காமிக்ஸ் பைத்தியங்கள் எல்லாம் ரெண்டு நாள் கூடுகிற விழா நடக்கிறது. அதில் பழைய புத்தகம் விற்க என் பேத்தி ஒரு மேஜை பிடித்திருக்கிறாள். யாரையும் கேட்கவில்லை, அவளே பேசி முடித்துவிட்டாள். அது என் ரத்தம்.

நான் படித்தது அஞ்சாவது. ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து, நீங்க டீச்சருங்களா என்று கேட்டவர் உண்டு. திருப்பூரில் இந்தப் பழைய பேப்பர் கடையை என் வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் நடத்தினேன். இப்போது மகன் நடராசு பார்க்கிறான். எடைக்கு வருகிற கட்டைப் பிரிக்கும்போதே காமிக்ஸ் இருந்தால் என் கை தனியாக எடுத்து வைத்துவிடும். பேப்பர் மில்லில் கூழாகப் போக வேண்டியது என் கையால் பிழைத்தது. அப்படிப் பிழைத்தது ரெண்டு பீரோ நிறைய இருக்கிறது. பி.காம் முடித்த பிள்ளை அதைப் படம் பிடித்துப் போனில் போட்டு ஊர் ஊருக்குப் பார்சல் அனுப்புகிறாள். வேலைக்குப் போ, வேலைக்குப் போ என்ற அவள் அப்பன் வாயை அடைத்தது என் பீரோதான்.

மேஜைக்கு ரெண்டு பேர் உட்காரலாம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ரெண்டு பாஸ் கொடுப்பார்கள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது.

ஜூலை 30, புதன்

இன்று வந்தவர்கள்.

பல்லடத்திலிருந்து ஒரு வங்கிக்காரர், அம்பத்தஞ்சு வயதிருக்கும். போனில் நம்பர் வரிசை வைத்திருக்கிறார். பருந்து காமிக்ஸில் இருபத்தேழும் நாற்பதும் கிடைத்துவிட்டால் அவர் வரிசை முடிந்துவிடுமாம். நம்மிடம் நாற்பது இருந்தது, நடுப்பக்கம் இல்லை. பரவாயில்லை என்று வாங்கிப் போனார். கதை வேண்டாம், நம்பர் போதும். அந்த வயசுக்காரர்கள் முக்கால்வாசி இப்படித்தான்.

பனியன் கம்பெனிப் பையன்கள் மூன்று பேர். அட்டையில் மோட்டார் சைக்கிள் இருக்க வேண்டும், சுவரில் மாட்டவாம். உள்ளே திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு அப்பா, மகனோடு. அப்பா பழசை எடுத்து மோந்து மோந்து பார்க்கிறார். மகன் ஜப்பான் புத்தகம் கேட்கிறான், பின்பக்கத்திலிருந்து படிக்கிற புத்தகமாம். எடைக்குக்கூட அது நமக்கு வந்ததில்லை என்றேன். என்னைப் பாவம்போலப் பார்த்தான்.

இதை மட்டும் மிருதுளாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பத்தா, நீங்க இல்லீன்னா எனக்குக் கடையே இல்லீங்க" என்றாள். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

கிழிந்த அட்டைகளுக்கெல்லாம் டேப் ஒட்டி, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் பரப்பி வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்த மிருதுளா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒட்டக் கூடாதாம். துடைக்கக் கூடாதாம். கிழிந்தது கிழிந்தபடி இருந்தால் அதற்கொரு விலை, ஒட்டினால் அதில் பாதி. அட்டையில் புதுசாக ஒரு பொட்டுக் கறை பட்டாலும் வாங்க வந்தவன் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவானாம். புதுசாக எதையும் சேர்க்காதே, இருக்கிறதை எடுக்காதே, அவ்வளவுதான் இந்த வியாபாரம் என்றாள்.

மனதில் வைத்துக்கொண்டேன். ஒருமுறை சொன்னால் எனக்குப் போதும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சம்பந்தியம்மா வந்திருக்கிறார். மருமகள் சுபத்ராவின் அம்மா, மிருதுளாவுக்கு அம்மாயி, வசுமதி டீச்சர். கோபியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். வருசத்துக்கு ரெண்டு தடவை முறுக்கோடு வருவார், மூன்றாம் நாள் கிளம்பிவிடுவார். இந்தத் தடவை முறுக்கோடு ஒரு தகரப்பெட்டியும் இறங்கியது.

திறந்ததும் வசம்பு வாசனை. உள்ளே எல்லாம் பருந்து காமிக்ஸ், முதல் நம்பரிலிருந்து. அவர் வீட்டுக்காரர், மிருதுளா அப்பிச்சி என்று கூப்பிடுவாளே, மின்வாரியத்தில் இருந்து காலமானவர், அவர் மாதம் தவறாமல் புதுசாக வாங்கிச் சேர்த்தது. கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவாராம். ஒரு மடிப்பு இல்லை. ஒரு பேர் எழுதவில்லை. ஸ்டேப்ளர் பின்னில் துருவில்லை.

மிருதுளா முதல் நம்பரை ரெண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். பிறந்த குழந்தையை அப்படித்தான் ஏந்துவார்கள். அவள் பிறந்தபோது முதலில் ஏந்தியது நான்.

இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். "அவரு சாமான வெளிய எடுக்க மனசு வரல சாமி. உனக்குன்னா எடுக்கலாம்னு தோணுச்சு" என்றார் அந்தம்மா.

நம் பீரோவில் இருப்பதெல்லாம் பத்துப் பேர் கை பட்டது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

முறுக்கில் உப்பு தூக்கல்.

ஆகஸ்ட் 6, புதன்

நாள் முழுக்கக் கவர் போடுகிற வேலை. புத்தகத்துக்குப் பின்னால் ஒரு அட்டை கொடுத்து, பிளாஸ்டிக் கவருக்குள் நழுவவிட்டு, வாயை மடித்து டேப் போட வேண்டும். நான் ஒன்று முடிப்பதற்குள் அந்தம்மா மூன்று முடிக்கிறார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கட்டிய பழக்கமாம். என் கவர் வாயில் சுருக்கம் விழுகிறது. நான் முடித்ததை மிருதுளா சத்தமில்லாமல் பிரித்து மறுபடி போடுகிறாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் கடைக்கு ரெண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். பேய்க் கதை இருக்கிறதா என்றார்கள். இப்போது வயசுப் பெண்கள் பேய்தான் கேட்கிறார்கள், காதல் கேட்பதில்லை. நான் எழுந்து பீரோவைத் திறப்பதற்குள் டீச்சர் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மலை பங்களா, பூட்டின அறை, உள்ளேயிருந்து ஒரு குழந்தை பாடுகிறது, வேலைக்காரன் சாவியைப் போடுகிறான். அங்கே நிறுத்திவிட்டார். மீதி? என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். "மீதி உள்ள இருக்குது கண்ணு" என்று புத்தகத்தை நீட்டினார். அந்த வரிசை முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மிருதுளா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

எந்தப் புத்தகம் எந்த வீட்டுக் கட்டில் வந்தது, எந்த ஊர் வாடகை நூலகத்து முத்திரை, எதில் எந்தப் பக்கம் இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். கதை தெரியாது. தராசைப் பிடிக்கிறவள் கதை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கடை நடந்திருக்குமா.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று ரெண்டு பேரும் ஏதோ சொல்லிக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். பருந்து முப்பத்தொன்றில் வருகிற வில்லனாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அந்தம்மா இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மிருதுளா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டாள். கால் பிடிக்கும்போதே தெரிந்தது.

"கோவிச்சுக்கக் கூடாதுங்க அப்பத்தா. அம்மாயி பொட்டிதான் மேஜையில முன்னால இருக்கும். வர்றவங்க இங்கிலீஷ்லயும் கேப்பாங்க, கதையும் கேப்பாங்க. ரெண்டு நாள் அந்தச் சேர்ல உக்காந்தா உங்க முழங்காலும் தாங்காதுங்க. நீங்க சும்மா சுத்திப் பாக்க வாங்க."

கோவிக்க என்ன இருக்கிறது. பெட்டி யாருடையதோ அவர் உட்காருகிறார். நல்லது அம்மிணி என்றேன்.

பிறகு மாடிப்படியை நாலைந்து தடவை ஏறி இறங்கினேன். எதற்கு அத்தை என்று சுபத்ரா கேட்டாள். வடாம் காய்கிறது என்றேன். மாடியில் ஒரு வடாமும் காயவில்லை. முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆடியில் எவனாவது புதுசாகக் கடை போடுவானா? விழாவின் முதல் நாள் ஆடியின் கடைசி நாளில் விழுகிறது. சொன்னேன். தேதி நாம வெக்கறதில்லீங்க அப்பத்தா என்று சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். நான் சொல்லிவிட்டேன், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. வீட்டைக் கழுவி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்தேன். மேஜைக்கு விரிக்கத் துணி வாங்க மிருதுளாவும் டீச்சரும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். நம் பெட்டியும் சம்பந்தியின் பெட்டியும் முன்னறையில் தயாராக இருந்தன. விளக்கேற்றிச் சூடம் காட்டினேன். ஆடியில் தொடங்குகிற காரியத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பெட்டிகளின் மேல் மஞ்சள் வைத்தேன்.

பெட்டிக்கு வைத்தது பெட்டியோடு நின்றுவிடும், புத்தகத்துக்கு வைத்தால்தான் புத்தகத்துக்குச் சேரும் என்று அப்புறம் தோன்றியது. சம்பந்தியின் பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்த நல்ல புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கவரிலிருந்து எடுத்து, அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு வைத்தேன். புதுக்கணக்கு நோட்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் வைப்பதில்லையா, அதுபோல. காயவிட்டு, பழையபடி கவருக்குள் போட்டு அடுக்கினேன். இந்தத் தடவை கவர் வாயில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

நம் பெட்டியைத் திறக்கவில்லை. அதில் இருப்பவை உலகம் பார்த்தவை, அவற்றுக்கு எதற்கு.

மனசு லேசாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

விடியும் முன்பே நடராசு வேனில் பெட்டிகளை ஏற்றினான். நானும் ஏறிக்கொண்டேன். வாசலில் அவர்கள் ரெண்டு பேருக்கும் கழுத்தில் பாஸ். எனக்குச் சீட்டு வாங்கி, மணிக்கட்டில் பச்சைக் காகித வளையம் ஒன்றை ஒட்டிவிட்டார்கள்.

கூடம் பெரிசு. ஒரு பையன் முதுகில் வாளைக் கட்டிக்கொண்டு டீக்கு நிற்கிறான். ஒரு பெண் நீல முடி வைத்துக்கொண்டு அப்பாவிடம் தின்ன வறுக்கி வாங்கித் தரச் சொல்கிறாள். இதையெல்லாம் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம் மேஜை நடுவரிசையில், நல்ல இடம். என் பேத்தி பேரம் பேசிப் பிடித்த இடம்.

கதவு திறந்ததும் வந்தவர்கள் எல்லாம் அம்பது தாண்டிய ஆம்பளைகள், ஓட்டமும் நடையுமாக. முதல் ஒரு மணி நேரம் அவர்களுடையது. சிறிசுகள் மத்தியானம்தான் வரும். அதில் முதல் ஆள் கரூர் மாதேஸ்வரன், ஜவுளி ஏற்றுமதி செய்கிறவர். பருந்து முதல் நம்பரிலிருந்து வரிசையாக எடுத்து வைக்கச் சொல்லி ஒரு வாரமாக மிருதுளாவிடம் போனில் பேசியவர். நின்றபடியே முதல் நம்பரைக் கவரிலிருந்து உருவினார். போன் லைட்டைப் போட்டார். அதை அட்டையின் மூலைக்குக் கொண்டுபோனார்.

"இது என்னங்க மூலையில?"

மிருதுளா எட்டிப் பார்த்தாள். அவர் மூலையை மோந்தார். மஞ்சள் என்றார். அடுத்ததை எடுத்தார், அதிலும். அதற்கடுத்ததிலும். அவர் சத்தம் போடவில்லை. இழவு வீட்டில் பேசுவதுபோலத்தான் பேசினார். இத்தனை வருசம் ஒரு கீறல் இல்லாமல் இருந்த சாமான், அம்பது பேரிடம் கேட்டும் கிடைக்காத சாமான், பாவம் என்றார். பாவம் என்றது எங்களை இல்லை, புத்தகத்தை. வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். மஞ்சள் பூசின பருந்து எங்க என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், யாரும் வாங்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் விலகியபோது மிருதுளா எங்கள் ரெண்டு பேரையும் பார்த்து, அடக்கின குரலில், "யாரு வெச்சது?" என்று கேட்டாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

நான் கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். குளிராக இருந்தது, உள்ளே ஏசி. டீச்சர் என் முந்தானையைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"நாந்தான் சாமி. ஆடி வெள்ளியாச்சேன்னு வெச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

மிருதுளா திட்டவில்லை. அப்பிச்சி கை கழுவிட்டுத் தொட்டது அம்மாயி என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தம்மா கதை சொல்லவும் இல்லை. நம் பெட்டியில் இருந்த பேர் எழுதினது, முத்திரை குத்தினது எல்லாம் சுமாராகப் போயின. ஆடித் தள்ளுபடி இல்லையா என்று கேட்காத ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது டீச்சர் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். ஏனுங்க அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அவ எங்கூட நாலு நாள் பேசாம இருந்தான்னா நான் ஊருக்குப் போயிருவேன் சம்பந்தி. உங்ககூடப் பேசாம இருந்தா அவ எங்க போவா? ஒரே வீடு."

அந்த ஒரு நிமிசத்துக்குள் இவ்வளவு கணக்குப் போட்டிருக்கிறார். படித்தவர்.

பழியைக்கூட அவரே எடுத்துக்கொண்டார். அதையும் எனக்கு விட்டு வைக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. காலையில் மிருதுளா டீச்சரின் பாஸை என் கையில் கொடுத்து, நீங்க வாங்க அப்பத்தா, அவங்க வீட்டுல இருக்கட்டும் என்றாள். டீச்சர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தேன். வாசல் பையன் எழுந்து வழிவிட்டான். மேஜைக்குப் பின்னால் சேர் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் ஒன்றும் செய்யவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். கதை சொல்லுவாங்கன்னு போன்ல போட்டிருந்ததே, அந்தம்மா எங்க? நான் சொல்கிறேன் என்று ஒரு புத்தகத்தை எடுத்து, இது தாராபுரத்து வக்கீல் வீட்டுக் கட்டில் வந்தது என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஒரு தடவை மிருதுளா எதையோ எடுக்கச் சொல்லத் திரும்பாமலே, அம்மாயி, அந்த... என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நானே எழுந்து எடுத்துக் கொடுத்தேன். எதை என்று அவள் சொல்லவேயில்லை, ஆனாலும் சரியாகத்தான் எடுத்தேன்.

பதினோரு மணிவாக்கில் ஒரு பெண் வந்தாள். கிராப்பு வெட்டியிருந்தாள், பாண்டிச்சேரியாம். அவளுக்கு நல்ல புத்தகம் வேண்டாம். பேர் எழுதினது, டீ கிளாஸ் வட்டம் விழுந்தது, நடுவில் மயிலிறகு வைத்தது, கணக்குப் போட்டுப் பார்த்தது, அதெல்லாம்தான் வேண்டும். இப்போது இப்படியும் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. புத்தகத்தை எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்று புத்தகத்திலேயே தெரிய வேண்டுமாம். நம் பெட்டியில் பாதியைக் காலி செய்தாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அப்போதுதான் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த மஞ்சள் புத்தகங்களைப் பார்த்தாள்.

முதல் நம்பரை எடுத்தாள். நாலு மூலையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "சாமி படத்துக்கு வெக்கற மாதிரி வெச்சிருக்காங்க. எவ்வளவு பிரியம் இருந்தா இப்படி வெக்கத் தோணும். யாருங்க வெச்சது? அவங்கள ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

மிருதுளா அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த முகம் மெல்ல இளகியது. எங்க அம்மாயி வெச்சதுங்க என்றாள். அவங்க இன்னிக்கு வரல, நான் இப்பவே போன் பண்ணிச் சொல்றேன், நேத்துப் பூரா நான் அவங்ககூடப் பேசவே இல்ல என்றாள். போனை எடுத்தாள். சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

"அது நான் வெச்சது" என்றேன்.

"என்னங்க அப்பத்தா?"

"மஞ்ச நான் வெச்சது. என் கையால. அந்தம்மா இல்ல."

பாண்டிச்சேரிப் பெண் சந்தோசமாக என் பக்கம் திரும்பினாள். புத்தகத்தை என் கையில் கொடுத்து நெஞ்சோடு பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். சிரிங்க பாட்டி என்றாள். சிரித்தேன். மஞ்சள் புத்தகம் மூன்றை வாங்கிக்கொண்டு, என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அவள் போகும் வரைக்கும் மிருதுளா பொறுத்திருந்தாள். பிறகு குனிந்து நம் பெட்டிக்குள் இருந்ததை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றிலும் மஞ்சள் இல்லை.

"நம்ம பொட்டிக்கு ஏங்க வெக்கல?"

"மஞ்ச தீந்துபோச்சு அம்மிணி."

ஆடிக்கென்று அரைத்து வைத்த மஞ்சள் டப்பா நிறைய இருப்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் எழுந்து வெளியே போய் ரொம்ப நேரம் போனில் பேசினாள். திரும்பி வந்து சேரை ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். கொண்டு வந்திருந்த எலுமிச்சஞ்சோற்றை நான் மட்டும் சாப்பிட்டேன்.

மூணு மணிக்கு டீச்சர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வியர்த்திருந்தார். நான் எழுந்து, கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டேன். கயிறு கொண்டையில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிடுவதற்கு வாகாக அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். நீங்க உக்காருங்க சம்பந்தி, நான் பக்கத்துல நின்னுக்கறேன் என்றார். "ரெண்டு பேருக்குத்தாங்க எடம்" என்று மிருதுளா மேஜைத் துணியைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்துவிட்டேன். நடராசு வேன் கொண்டுவர ஆறு மணியாகும். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வரிசையில் நின்று ஒரு சீட்டு வாங்கினேன். மணிக்கட்டில் பச்சை வளையம் ஒட்டினார்கள். நம் மேஜை தெரிகிற மாதிரி ஒரு பெஞ்சு இருந்தது, அதில் உட்கார்ந்தேன்.

கடைசி ரெண்டு மணி நேரம் பேரக்காரர்கள் நேரம். காலையில் விலை கேட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து பாதிக்குக் கேட்பார்கள். மேஜை காலியாவதைப் பார்த்தால் வாங்காதவனும் வாங்குவான். அதை மிருதுளாவுக்குச் சொல்ல வேண்டும் என்று ரெண்டு நாளாக நினைத்திருந்தேன். டீச்சர் ஏதோ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தார். ஆள் சேர்ந்தது. வரிசை கட்டி நின்றார்கள். கதை எங்கே நின்றதோ தெரியவில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் அய்யோ என்றார்கள். மிருதுளா ஒரு நொடி அந்தம்மாவின் தோளில் தலையைச் சாய்த்து எடுத்தாள். ஒரு நொடிதான். நான் பார்த்தேன்.

எழுந்து போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். பின்னாலும் சேர்ந்துகொண்டார்கள். காலை மாற்றி மாற்றி வைத்து நின்றேன். முழங்கால் வலித்தது, எழுதுவதற்கென்ன. என் முறை வந்தபோது மிருதுளா நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டைப் பார்த்தாள். வாங்க வந்தவளிடம் கடைக்காரி பேசித்தானே ஆக வேண்டும்.

"என்ன நம்பர் பாக்கறீங்க?" என்றாள்.

யார் யார் எதைக் கேட்டார்கள் என்று இத்தனை நாள் எழுதியிருக்கிறேன். நான் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. "நல்ல கதையா ஒண்ணு குடுங்க" என்றேன். பேத்தியிடம் ஒருநாளும் அப்படி மரியாதை வைத்துப் பேசியதில்லை. தானாக வந்தது.

அவள் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் தேடினாள். டீச்சர் கையை நீட்டவில்லை, அவளே தேடட்டும் என்று இருந்தார். ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "இது சிரிப்புக் கதைங்க. எழுத்துப் பெருசா இருக்கும். மெதுவாப் படிக்கலாம்."

விலை சொன்னாள். தள்ளுபடி உண்டா என்று கேட்டேன்.

"ஆடி முடிஞ்சுபோச்சுங்க" என்றாள். வாயோரத்தில் ஏதோ லேசாக அசைந்தது. அந்தம்மாவும் பார்த்தார். முதலில் பார்த்தது நான்.

பின்னால் நின்ற ஆள், பாட்டி கொஞ்சம் நகருங்க என்றார்.

இன்னொன்று வேண்டும் என்றேன்.